தவிடு நீக்காத பொய்

ரொட்டிக்காரர் தேடியது ஒரு சட்டைப் பித்தான். கிடைத்தது மனைவியின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.

தையல் மிஷினின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில், நாலாய் மடித்துக் கிடந்தது. மேலே அவள் பெயர். கீழே வரிசையாய் எண்கள். அவற்றில் ஒன்றைச் சுற்றி மட்டும் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று நாற்பத்திரண்டு. இருக்க வேண்டியது நூற்றுக்குள் என்று பக்கத்திலேயே அச்சாகியிருந்தது.

அவர் பித்தானை மறந்து, மிஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

போன வாரம் அவள்தான் அவரை விடாப்பிடியாகத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு பேரும் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். முந்தாநாள் அவளே போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: "எனக்கு எல்லாம் சரியா இருக்காம். உங்களோடது இன்னும் வரலை. மிஷின் ரிப்பேராம்."

எல்லாம் சரியா இருக்காம்! மறைத்து வைத்திருக்கிறாள். அதையும் நூல்கண்டுக்கு அடியில்.

நேரே போய்க் கேட்டுவிடலாம்தான். ஆனால் அவர் அவளோடு இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தவர். நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலோடு மூன்று நாள் உட்கார்ந்து நாற்பது பள்ளிச் சீருடை தைத்தவள் அவள். அதே ஆள், அடுப்புத் தட்டில் அவர் விரல் நுனி சுட்டதற்கு அரை நாள் மிஷினை மூடிப் போட்டுவிட்டு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். தனக்கு வந்தால் தலைவலி, அவருக்கு வந்தால் தலைபோகிற விஷயம். "உனக்குச் சர்க்கரை" என்று சொன்னால், "சரி சரி, பாத்துக்கறேன்" என்பாள். அதோடு முடிந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. சர்க்கரை தனக்கு என்று சொல்லிவிட்டால்?

தன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கொஞ்சம் தாகம் உண்டு. அடுப்புப் பக்கம் நிற்கிறவனுக்குத் தாகம் எடுக்காமல் என்ன செய்யும்? சாயந்திரமானால் காலில் ஒரு மதமதப்பு. நாள் முழுக்க நிற்கிற கால், வேறு என்ன சொல்லும்? தினமும் முதல் தட்டு வெந்து வந்ததும் நாலு பன்னைச் சூடாகச் சர்க்கரை தூவிச் சாப்பிடுவார். ஆனால் அது தீனியில் சேராது. ருசி பார்ப்பது, தொழில்.

ரிப்போர்ட்டை இருந்த மடிப்பிலேயே மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். தன் வாழ்நாளிலேயே இதுதான் கெட்டிக்கார யோசனை என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது தொடங்கினார்.

"ரிப்போர்ட் வந்துடுச்சு."

மனைவியின் கரண்டி நின்றது. "எது?"

"என்னோடதுதான்."

"எப்போ?"

"காலையில. நர்ஸ் கடைக்கே வந்து சொன்னாங்க."

"கடைக்கே வந்தாங்களா? அவ்வளவு தூரம்?"

"ரொட்டி வாங்க வந்தாங்க. அப்படியே சொல்லிட்டுப் போனாங்க."

"என்ன சொன்னாங்க?"

"கொஞ்சம் சர்க்கரை இருக்காம்."

"எவ்வளவு?"

எண் ஒன்று தயார் செய்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. வாயில் வந்தது மனதில் இருந்ததுதான். "நூத்தி நாப்பத்திரெண்டு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வெகுநேரம் அவரையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ரொட்டிக்காரருக்குப் பாவமாக இருந்தது. ஆனால் தொடங்கியதை நிறுத்த முடியாது.

"பயப்படாதே. மாத்திரை இல்லை. சாப்பாட்டை மாத்தினாப் போதுமாம். மைதா கூடவே கூடாது. வெள்ளைச் சோத்தைக் குறைக்கணும். முழு தானியமாச் சாப்பிடணும்."

"முழு தானியம்னா?"

இது அவர் தொழில். நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு கோதுமை மணியில மூணு பங்கு. மேல தவிடு. ஓரத்துல முளை. நடுவுல மாவு. மில்லுல தவிட்டையும் முளையையும் எடுத்துட்டு நடுவுல இருக்கிறதை மட்டும் நமக்குக் கொடுக்கிறான். அது வயித்துக்குப் போனதும் விறுவிறுன்னு சர்க்கரையா மாறி ரத்தத்துல ஏறிடும். தவிடு கூட இருந்தா, சட்டையைப் பிடிச்சு இழுத்து, மெதுவாப் போன்னு சொல்லும்."

"இத்தனை வருஷமா மாவு பிசையறீங்க. இதை ஒரு தடவைகூட எங்கிட்ட சொன்னதில்லையே?"

"நீ கேட்டதில்லையே."

"சரி. நாளையிலேருந்து உங்களுக்கு அது. நான் எனக்கு வழக்கம்போல கொஞ்சம் வெள்ளைச் சோறு வச்சுக்கறேன்."

ரொட்டிக்காரருக்குப் பகீரென்றது. "அது கூடாது!"

"ஏன்?"

"வீட்டுல ஒரே சமையலா இருக்கணுமாம். பக்கத்துல ஒருத்தர் வேற சாப்பிட்டா எனக்கு ஏக்கம் வருமாம். ஏக்கத்துல சர்க்கரை ஏறுமாம்."

"ஏக்கத்துலயா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"அப்ப நானும் தவிட்டைத் தின்னணுமா?"

"எனக்காக."

அவள் பெருமூச்சு விட்டாள். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு இது ஒண்ணுதான் பாக்கி இருந்துது."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் பேக்கரிக்கே வந்து நின்றாள். கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு ரொட்டியை எடுத்தாள்.

"இது போதுமே? நம்ம கணக்கு வாத்தியார் தன் சர்க்கரைக்கு இதைத்தானே வாங்கிட்டுப் போறார்?"

அடுப்பைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு அந்தக் கடையில் தணல் என்றுதான் பெயர். ரொட்டிக்காரரைவிட நாலு வயது இளையவர். பன்னிரண்டு வருஷமாக அந்த அடுப்போடு இருக்கிறவர். அவர் சட்டென்று திரும்பி, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டு ஒன்றை எடுத்து மும்முரமாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அது வேற," என்றார் ரொட்டிக்காரர்.

"என்ன வேற?"

"அது வந்து... நிறம் மட்டும்தான்."

"புரியலை."

"மைதாதான். சர்க்கரையைக் கருக்கி ஊத்தினா அந்த நிறம் வரும்."

அவள் கையிலிருந்த ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சர்க்கரைக்காரர் சாப்பிடுற ரொட்டிக்குச் சர்க்கரையைக் கருக்கி நிறமா?"

"எல்லாக் கடையிலயும் அப்படித்தான்..."

"எல்லாக் கடைக்குமா வாத்தியார் வர்றார்? நம்ம கடைக்குத்தானே வர்றார்."

ரொட்டியை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நேற்றுவரை இப்படி யாராவது கேட்டிருந்தால் ரொட்டிக்காரர் சிரித்து மழுப்பியிருப்பார். இன்று வாத்தியாரின் துணிப்பை கண்முன் வந்து நின்றது. வாத்தியாருக்கு இருப்பதுதானே இப்போது தன் வீட்டிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்கே தவிடு நீக்காத கோதுமை மாவு ஒரு மூட்டை வரவழைத்தார். மைதாவுக்கு விடுகிற அதே அளவு தண்ணீர், அதே நேரம் ஊறல், அதே சூடு. வெளியே வந்ததைத் தணல் இடுக்கியால் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இதுல சுவரே எழுப்பலாம்."

வீட்டில் கத்தி இறங்கவில்லை. மனைவி உள்ளே போய்த் துணி வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆளுக்கு ஒரு துண்டு. இரண்டு பேரும் மென்றார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இருங்க. இன்னும் முதல் வாயே முடியலை."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பார்லிக் கஞ்சி வைத்தார். ஓட்ஸ் கிளறினார். தவிடு நல்லது என்றால் நிறையத் தவிடு இன்னும் நல்லதாகத்தானே இருக்கும் என்று கஞ்சியில் இரண்டு கைப்பிடித் தவிட்டை அள்ளிப் போட்டார். மனைவியின் கோப்பையில் மூன்று.

மறுநாள் காலை கணக்கு வாத்தியார் கவுன்ட்டரில் நின்றுகொண்டிருந்தபோது, ரொட்டிக்காரரின் வயிற்றுக்குள் ஒரு லாரி பின்பக்கமாக வந்து திரும்பியது. வாத்தியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தெருவை எட்டிப் பார்த்தார். தெருவில் லாரி இல்லை. வீட்டிலும் அதே கதை. அளவெடுக்க வந்த பெண் ஒருத்தி, "அக்கா, உங்க மிஷின் தானா ஓடுதா?" என்று கேட்டாளாம்.

"இதையும் டாக்டர் சொன்னாங்களா?" என்று மனைவி மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டணும்னு சொன்னாங்க. நிறையத் தண்ணி குடிக்கணும்னும் சொன்னாங்க. மறந்துட்டேன்," என்றார். உண்மையில் இதை அவருக்குச் சொன்னவர் மருந்துக்கடைக்காரர்.

இவ்வளவு நடந்ததிலும் ரொட்டிக்காரருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. வீட்டில் தவிடு, கடையில் பன். நோய் அவளுக்கு, தனக்கென்ன? வீட்டுச் சாப்பாடு அவளுக்காக நடிப்பது, கடைப் பன் தன் தொழிலுக்காகச் சாப்பிடுவது. மனசாட்சிக்கு ஒரு கீறல்கூட இல்லை. தணல் மட்டும் தட்டைப் பார்த்து முனகுவார். "அண்ணி என்னைக் கண்ணு வச்சுக்கச் சொன்னாங்க அண்ணே. தினமும் நாலு குறையுது."

"எலி," என்பார் ரொட்டிக்காரர், உதட்டிலிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு.

பத்தாம் நாள் மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவோடு கடைக்குள் நுழைந்தாள். இடது கன்னத்தில் அரை பன்னோடு அவர் நின்றுகொண்டிருந்தார். கவுன்ட்டரில் மூன்று பேர்.

அவள் சத்தம் போடவில்லை. டப்பாவை மேஜைமேல் வைத்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே பார்லிச் சோறும் காய்கறியும் இருந்தன. பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். தட்டிலிருந்து ஆவி பறக்கிற பன் ஒன்றை எடுத்தாள்.

"பத்து நாளாத் தவிட்டைத் தின்னு நாக்கு செத்துப் போச்சு. நீங்களே சாப்பிடும்போது எனக்கு மட்டும் என்ன?"

பன் வாய்க்குப் போய்விட்டது. ரொட்டிக்காரர் எப்படித் தாவினார் என்று அவருக்கே தெரியாது. பிசைந்து வைத்த மாவுத்தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. கால் தடுக்கி ஒரு தட்டு கீழே விழுந்து கடகடவென்று சுழன்றது. அவர் அவள் கையிலிருந்த பன்னைப் பறித்து அடுப்படிக்கு வீசினார்.

"வேண்டாம்! நீ சாப்பிடாதே!"

கடையே நின்றுவிட்டது. தணல் ஒரு கையில் இடுக்கியோடு சிலையாகிவிட்டார்.

"நான் ஏன் சாப்பிடக் கூடாது?" அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "எனக்கா சர்க்கரை?"

பதில் அவர் தொண்டை வரை வந்தது. அங்கே ஏற்கெனவே பன் இருந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அவள் விரல் நுனிகளைப் பார்த்தார். மூக்கில் கண்ணாடி பதிந்த தழும்பைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது. விக்கலா அழுகையா என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

"நான் இனிமே தொடமாட்டேன்," என்றார். "நீயும் தொடாதே."

"ஒரு வாய்கூடவா?"

"ஒரு துணுக்குக்கூட."

"நீங்க ஒண்ணு சாப்பிட்டா நான் ரெண்டு சாப்பிடுவேன். சம்மதமா?"

"சம்மதம்."

"கையில அடிச்சுச் சொல்லுங்க."

அடித்தார். அவள் உள்ளங்கையில் ஐந்து விரலும் வெள்ளையாய்ப் பதிந்தது.

அன்றைக்குத்தான் ரொட்டிக்காரரின் நடிப்பு முடிந்தது. சூடான தட்டு ஒவ்வொன்றும் வெளியே வரும்போது நாக்கில் நீர் ஊறும். ஆனால் தான் தின்கிற ஒவ்வொரு பன்னும் இரண்டாகி அவள் இரத்தத்தில் போய் விழும் என்று தோன்றும். கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். எலி தொந்தரவு அடியோடு நின்றுவிட்டதாகத் தணல் அண்ணிக்குச் சொல்லி அனுப்பினார்.

அடுத்தது பழுப்பு ரொட்டி விவகாரம். கணக்கு வாத்தியாரைத் தனியே அழைத்து ரொட்டிக்காரர் உண்மையைச் சொல்லிவிட்டார். வாத்தியார் அங்கேயே நின்று விரல் விட்டு எண்ணினார்.

"வாரத்துக்கு ஒண்ணு. மூணு வருஷம். ஒண்ணுல பதினாறு துண்டு. ரெண்டாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தாறு துண்டு. அத்தனையும் சாயம் பூசின மைதாவா?"

"ஆமா சார்."

"இன்னிக்கு ஏன் சொல்றீங்க?"

"வீட்டுல ஒருத்தருக்கு உங்க மாதிரி வந்துடுச்சு சார். அதுக்கப்புறம் விக்க முடியலை."

வாத்தியார் வெறும் பையோடு திரும்பிப் போனார். இரண்டு வாரம் வரவில்லை. போகிற இடமெல்லாம் சொல்லியிருக்க வேண்டும், கூட்டமும் குறைந்தது. "ரொட்டிக்காரர் தன் ரொட்டியைத் தானே தின்னமாட்டாராமே?" என்று இரண்டு பேர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். தின்று காட்டலாம் என்றால் வீட்டில் இரண்டு பன் காத்திருக்கிறது.

வேறு வழியில்லாமல் முழுக்கோதுமையோடு மல்லுக்கு நின்றார். தவிடு தண்ணீர் குடிக்கும் என்று இரண்டாவது வாரம்தான் அவருக்கு உறைத்தது. தண்ணீரைக் கூட்டினார். பிசைந்ததும் அவசரப்படாமல் ஊறவிட்டார். எல்லாவற்றையும் ஒரே மாவாக்காமல் கொஞ்சம் ஓட்ஸ் சேர்த்தார். ஒரு வியாழக்கிழமை வந்த ரொட்டியில் கத்தி தானாக இறங்கியது. மனைவி ஒரு துண்டைக் கடித்து, மென்று, விழுங்கி, இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள்.

"ஒண்ணுதான்," என்றார் அவர்.

"தவிடு இருக்கே?"

"தவிடு இருந்தாலும் அது ரொட்டிதான். அளவு அளவுதான்."

"அப்ப நீங்களும் அந்த ரெண்டாவது துண்டை வைங்க."

அவர் கையைப் பார்த்தார். இருந்தது. வைத்தார்.

மூன்றாம் வாரம் வந்த வாத்தியார் புது ரொட்டியைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், வெட்டச் சொல்லி உள்ளே பார்த்தார். "விடை சரி," என்று பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு கூட்டம் மெல்லத் திரும்பியது.

ரொட்டிக்காரருக்கு மட்டும் ஒரு கவலை தீரவில்லை. ஒரு மாதம் ஆகியும் மனைவி இளைத்த மாதிரியே தெரியவில்லை. அவருடைய கால்சட்டைதான் இடுப்பில் நிற்காமல் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரை நிறுத்தி இஞ்ச் டேப்பால் அளந்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, பிடித்துத் தைத்தாள். "அரை அங்குலம்," என்பாள். தைக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுப்பாள்.

அவருக்கு ஆறவில்லை. சாப்பாட்டோடு நடையையும் சேர்த்தார்.

"சாயந்திரம் அரை மணி நேரம் நடக்கணுமாம்," என்றார். "துணையோட."

"துணை எதுக்கு?"

"தனியா நடந்தா... ஏக்கம்."

"உங்க டாக்டருக்கு இந்த ஏக்கத்தை விட்டா வேற ஒண்ணும் தெரியாதா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

பேக்கரிக்காரன் விடியுமுன் எழுந்து போகிறவன். தையல்காரி இருட்டுகிற வரை மிஷினை விட்டு எழுந்திருக்காதவள். பல வருஷமாக அவர்கள் சந்தித்துக்கொண்டதெல்லாம் மத்தியானத் தட்டுக்கு இரண்டு பக்கமும்தான். இப்போது தினமும் வெயில் தாழ்ந்ததும் பூங்காவைச் சுற்றி இரண்டு சுற்று. அவள் எதிரே வருகிறவர்களின் அளவைக் கண்ணாலேயே எடுப்பாள்.

"அந்த நீலச்சட்டை இருக்காரே, இடுப்பு நாப்பது. முப்பத்தாறுன்னு சொல்லித்தான் தைக்கக் கொடுப்பார். நான் நாப்பதுக்குத் தச்சுட்டு முப்பத்தாறுன்னு சீட்டு வச்சுக் கொடுப்பேன். ரொம்பச் சந்தோஷமாப் போவார்."

ரொட்டிக்காரர் நின்று சிரித்தார். இவள் இப்படிப் பேசுவாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"சீட்டை மாத்தினா இடுப்பு மாறிடுமா?"

"மனசு மாறுமில்ல?" என்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சர்க்கரை உள்ளவர்கள் தினமும் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த தாளை அவர் படித்திருந்தார். அன்றைக்கு நடந்துவிட்டு வந்ததும், அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் குனிந்து அவள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். குதிகால், விரலிடுக்கு எல்லாம்.

"என்ன தேடுறீங்க?"

"செருப்பு கடிச்சிருக்கான்னு..."

"என் செருப்பு பழசு. கடிக்கிற வயசெல்லாம் தாண்டிடுச்சு. உங்க காலைக் காட்டுங்க."

"எனக்கு எதுக்கு?"

"எனக்குப் பார்த்தீங்கல்ல? காட்டுங்க."

காட்டினார். இடது பெருவிரலுக்குக் கீழே ஒரு வெட்டு. கடையில் தட்டு ஏதாவது விழுந்தபோது பட்டிருக்க வேண்டும். ஓரம் சிவந்திருந்தது.

"எப்ப பட்டுது?"

"தெரியலையே. வலிக்கவே இல்லை."

அவள் உடனே எழுந்தாள். வெந்நீர் கொண்டுவந்தாள். கழுவினாள், துடைத்தாள், மருந்து வைத்துக் கட்டினாள். அந்தச் சின்ன வெட்டுக்கு அவ்வளவு நேரமா என்று அவருக்குச் சிரிப்பாக வந்தது. அவள் குனிந்த தலை நிமிரவே இல்லை. மறுநாளிலிருந்து காலையிலும் மாலையிலும் இரண்டு பேர் காலையும் இரண்டு பேரும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவள் காலில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு நிம்மதி. அவர் கால் ஆறிவிட்டது என்று தெரிந்ததும் அவளுக்கு நிம்மதி.

மூன்றாம் மாதம் ஒருநாள் கடையில் தகராறு. மில்லிலிருந்து வந்த மாவு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்ததும் ரொட்டிக்காரருக்குக் கோபம் வந்தது.

"எடை குறையுது! ஏமாத்துறான்! நானும் ஒரு வாரமாப் பார்க்கிறேன்."

தராசில் ஏற்றினார்கள். இம்மிகூடக் குறையவில்லை. மூட்டை கொண்டுவந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

"மூட்டை அதேதான் அண்ணே," என்றார் தணல். "தூக்குற ஆள்தான் மாறிட்டீங்க. முன்னெல்லாம் ஒரு மூட்டைக்கு ரெண்டு சொம்பு தண்ணி குடிப்பீங்க."

"வெயில் குறைஞ்சிருக்கு," என்றார் ரொட்டிக்காரர்.

மூன்று மாதம் முடிந்தது. அவளை மறுபடி பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கும் ஒரு பொய் தேவைப்பட்டது.

"எனக்குத் திரும்பப் பார்க்கணுமாம். நீயும் சும்மா வந்து கொடுத்துடு."

"நான் எதுக்கு? எனக்குத்தான் எல்லாம் சரியா இருந்துதே."

"நீ பக்கத்துல கொடுக்கலைன்னா எனக்கு..."

"ஏக்கம். தெரியும். வரேன்."

இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரிப்போர்ட் இந்தத் தடவை அவள் கைக்குப் போகக்கூடாது என்பதில் ரொட்டிக்காரர் உறுதியாக இருந்தார். மறுநாள் மத்தியானம் கடையைத் தணலிடம் விட்டுவிட்டு, மாவு ஒட்டிய கையோடு கிளினிக்குக்கு ஓடினார்.

நர்ஸ் இரண்டு உறையையும் எடுத்துக் கொடுத்தாள். தன்னுடையதை அவர் பிரிக்கக்கூட இல்லை. மனைவியின் உறையை அங்கேயே கிழித்தார். மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

வெறும் வயிற்றில் சர்க்கரை எண்பத்தொன்பது.

சிவப்பு வட்டம் இல்லை. ரொட்டிக்காரர் அந்த எண்ணை மூன்று தடவை படித்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்ததில் முகமெல்லாம் மாவானது.

"என்ன சார்? ஏதாவது கெட்ட செய்தியா?" என்று நர்ஸ் எழுந்து வந்தாள்.

"நல்ல செய்திம்மா. இதைவிட நல்ல செய்தியே கிடையாது. என் மனைவிக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு! அவளுக்கே தெரியாம மூணு மாசமா நான்தான் அவளைப் பார்த்துக்கிட்டேன். எனக்குன்னு பொய் சொல்லி, எல்லாத்தையும் அவளுக்குக் கொடுத்தேன். நூத்தி நாப்பத்திரெண்டும்மா! எண்பத்தொன்பதாயிடுச்சு!"

நர்ஸ் அவரைப் பார்த்தாள். அவர் மடியில் பிரிக்காமல் கிடந்த உறையைப் பார்த்தாள். அதை எடுத்துக் கிழித்து, தாளை விரித்து அவர் கையில் வைத்தாள். அவர் பெயர். வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று மூன்று.

"டாக்டர் உங்களையும் ஒருதடவை பார்க்கணும்னாங்க சார். மூணு மாசம்தான் டைம் கொடுப்பேன், அதுக்கப்புறம் நானே அவர்கிட்ட சொல்லிடுவேன்னு அம்மாகிட்ட கண்டிப்பாச் சொல்லியிருந்தாங்க."

"என்னை எதுக்கு? எந்த அம்மா?"

நர்ஸ் சிரித்தாள். "அவங்களுக்கு எப்பவுமே சர்க்கரை இல்லை சார். அந்த நூத்தி நாப்பத்திரெண்டு உங்களோடது. 'அவருக்குன்னா ஒரு பன்னைக்கூட விடமாட்டார், எனக்குன்னா கடையையே மூடிடுவார்'னு சொல்லிக்கிட்டே, உங்க பேர் மேல அவங்க பேரை ஒட்டுறதுக்கு எங்கிட்டதான் கோந்து வாங்கினாங்க!"